கடற்புல்லுக்குப் போட்ட மோட்டார்

சூலூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. முன்பக்கம் லேத், வெல்டிங், பம்புசெட் ரிப்பேர். பின்பக்கம் வீடு. நடுவில் ஒரே ஒரு கதவு, அதையும் நாங்கள் சாத்துவதில்லை. பட்டறையில் யார் எந்தக் குரலில் பேசினாலும் என் அடுப்படிக்கு வந்துவிடும். அதனால், எனக்குத் தெரியாது என்று நான் எதிலும் தப்பித்துக்கொள்ள முடியாது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் செய்து கொடுக்கச் சொன்னாலும் சொன்னபடி செய்யமாட்டார். சொன்னதைவிட நன்றாகச் செய்துவிடுவார். கேட்கிறவர்களுக்குப் பெருமையாகத்தான் இருக்கும். கட்டிக்கொண்டவளுக்கல்லவா தெரியும் அதன் அருமை! கல்யாணமான புதிதில், என் அம்மா வீட்டுச் சீரில் வந்த கிரைண்டர் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறது என்று மோட்டாரைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். மறுநாள் தோசை மாவைச் சுவரிலிருந்து வழித்தேன். கோபிச்செட்டிபாளையத்தில் என் தங்கை வீட்டு ஃபேனில் காற்றே வரவில்லை என்றார்கள். இவர் கை வைத்த பிறகு சாமி படத்துக்கு முன்னால் விபூதித் தட்டும் தங்கவில்லை, விளக்கும் நிற்கவில்லை. தங்கை இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வராது, முகம் சுடும்.

செய்கிறவர் சொல்லிவிட்டாவது செய்யலாம் இல்லையா? மாட்டார். சொல்லிக் காட்டினால் அது என்ன உதவி என்பது அவர் கட்சி.

பட்டறைக்குப் புகார் கொண்டுவருகிறவர்கள் கதை தனி. உள்ளே கம்பிச்சுருள் எரிந்துபோன மோட்டாரை டெம்போவில் போட்டுக்கொண்டு, தோப்பு காய்கிற ஆத்திரத்தில் தொண்டாமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து இறங்குவார். இவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வார். "வாங்க வாங்க, மொதல்ல ஊட்டுக்குள்ள வாங்க. சாப்புட்டுப்போட்டுப் பேசிக்கலாமுங்க." இலை போட்டு, அரிசியும் பருப்புமாகப் பொங்கிய சோற்றில் நெய்யை விட்டு, கொள்ளு ரசம் ஊற்றி, தயிர் வரைக்கும் வந்தபிறகு எந்த மனுசனால் குரலை உயர்த்த முடியும்? எங்கள் பக்கத்தில் சாப்பிட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்லமாட்டார்கள். வந்த வேகம் போய், "பாத்து செஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இதற்கு கம்ப்ளைண்ட் சாப்பாடு என்றே பேர் வைத்திருந்தார்கள். அது காதில் விழும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். சமைத்துப் போடுகிறவள் நான்தானே.

அந்தப் பெண் முதன்முதலில் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். இராமநாதபுரம் கடற்கரையில் மீன் பிடிக்கிற குடும்பம். கடலைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பம்பு, மோட்டார் என்றால் கோயமுத்தூர்தான் என்று யாரோ சொல்லி, ஒரு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள். என்னை அக்கா என்றாள், இவரை அண்ணே என்றாள். தலையெல்லாம் நரைத்த மனுசனுக்கு அதிலேயே உச்சி குளிர்ந்துவிட்டது.

கடலுக்கடியில், கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் புல் வளர்கிறதாம். பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள அசல் புல். அப்படியானால் மாடு மேயுமா என்று கேட்டேன். "கடல்பசு மேயும்க்கா" என்று சிரித்தாள். அந்தப் புல்வெளி கரியமில வாயுவை இழுத்து, கரியாக்கிச் சேற்றுக்குள் புதைத்து வைக்கிறது, அதனால் பூமிக்கு நல்லது என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதே சேற்றில் மக்குவதிலிருந்து கொஞ்சம் மீத்தேனும் கிளம்பும். அது பூமியைச் சூடாக்குகிற வாயு. புதைப்பது எவ்வளவு, வெளியே விடுவது எவ்வளவு என்று இரண்டையும் பார்த்தால்தான் அந்தப் புல்லைப் பற்றி உண்மை பேச முடியும். விடுவதை அளப்பதுதான் அவள் வேலை.

மீத்தேன் எனக்குப் புதிதில்லை. கொல்லையில் மாடு நிற்கிறது, அதன் சாண வாயுவில்தான் என் அடுப்பில் ஒன்று எரிகிறது. காட்டினேன். இதுவும் அதுவும் ஒன்றேதான் என்று சொல்லி அந்த நீலத் தீயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

அவளுக்கு வேண்டியது எவர்சில்வர் கூடுகள். பெரிய அண்டாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். புல்லின் மேல் கவிழ்த்து விளிம்பைச் சேற்றில் அழுத்திவிட்டால் உள்ளே மாட்டிய தண்ணீர் வெளியே போகாது. சேற்றிலிருந்து வருகிற வாயு அந்தத் தண்ணீரில் கலக்கும். ஒரு சின்னக் குழாய் வழியாக அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஆய்வகத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பாள். உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது என்பதற்காக ஒரு குட்டி மோட்டாரும் இறக்கையும். பேட்டரி மேலே படகில் இருக்கும். தொட்டில் ஆடுகிற வேகத்துக்கு மேல் சுற்றவே கூடாது என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது என் அடுப்படிக்குக் கேட்டது. இவரும் சரி கண்ணு, சரி கண்ணு என்றார்.

அவள் போன பிறகு வரைபடத்திலிருந்த மோட்டாரைப் பார்த்து, இது பொம்மைக் காருக்குத்தான் ஆகும் என்றார். கடல் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும், பாதியில் நின்றால் அந்தப் புள்ளை நடுக்கடலில் என்ன செய்யும் என்று அவருக்கு ஒரே கவலை. காருக்குப் போடுகிற வைப்பர் மோட்டார்களை வாங்கி வந்தார். கிணற்று மோட்டார் செய்து பழகிய கை அல்லவா, ஒரு சொட்டுத் தண்ணீர் புகாதபடி மூடிக்குள் வைத்து சீல் பண்ணினார். இறக்கையையும் கொஞ்சம் அகலமாக்கினார். அதற்கென்று ஒரு பைசா கூடுதலாகக் கேட்கவில்லை. பேரலில் தண்ணீர் நிரப்பி ஒரு கூட்டை உள்ளே விட்டு ஓட்டிக் காட்டினார். தண்ணீர் சும்மா சுழன்று அடித்தது. நானும் வாசற்படியில் நின்று பார்த்து, நல்லா சுத்துதுங்க என்றேன். என் வாய் அன்றைக்கு அதைத்தான் சொல்லிற்று.

கூடுகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து லாரியில் அனுப்பினோம். தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டவே கூடாது என்று போனில் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார். பம்புக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான் அது. அவளும் சொன்னபடியே, வெளியே வைத்து ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. கடலுக்குள், கவிழ்த்த எவர்சில்வருக்குள் சுற்றுகிற இறக்கை யார் கண்ணுக்குத் தெரியும்? ஒரு மாதம் கழித்துப் போன் செய்து, மோட்டார் ஒரு நாள் கூட நிற்கவில்லை என்று நன்றி சொன்னாள். இவர் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

போன ஆடியில், காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒரு கூட்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் திரும்ப வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இவர் வழக்கம்போல வாசலுக்கே போய், சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று கூட்டி வந்துவிட்டார். நான் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் எடுத்து வைத்தேன். உட்கார்ந்த உடனே, அண்ணே, இந்த மோட்டார் என்று ஆரம்பித்தாள். மொதல்ல சாப்புடு கண்ணு, எளைச்சுப் போயிருக்கற என்று இவர் தடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வாயெடுத்தாள். அப்போது தடுத்தது நான். கேட்காமலேயே இலையில் இன்னொரு பிடி சந்தகை வைத்துப் பாலை ஊற்றினேன். இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாகவே போய்விட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் இவருக்கு ஒரு போன் வந்தது. பக்கத்து ஊரில் தறி ஒன்று நின்றுவிட்டதாம். இரு கண்ணு, வந்தர்றேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுப்படியில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் அளந்த இடத்தில் மீத்தேன் கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. அவளே பயந்து திரும்பத் திரும்ப அளந்திருக்கிறாள். அதேதான் வந்தது. பெரிய கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் ஊர்ப் புல் இவ்வளவு விடுகிறது என்று சொல்லியும்விட்டாள். பிறகு வேறொரு குழு தங்கள் கருவிகளோடு வந்து அதே இடத்தில் அளந்தது. அவர்களுக்கு ஏதோ கொஞ்சம்தான் கிடைத்தது. அவளுடைய பேராசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம், கடலுக்குப் போனாயா, வீட்டில் உட்கார்ந்து எழுதினாயா என்று.

அதன் பிறகுதான் அவள் கடல்சேற்றையும் புல்லையும் கண்ணாடித் தொட்டியில் போட்டு, ஒரு கூட்டின் மேல்பக்கத்தை வெட்டித் திறந்து, அதை உள்ளே கவிழ்த்து மோட்டாரைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். "சேறு அப்படியே பொங்கிருச்சுக்கா. புல்லே தெரியல."

அவள் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் சாணத் தொட்டியைக் கம்பு விட்டுக் கலக்குகிறவள் நான். கலக்கினால் உள்ளே அடைந்து கிடந்ததெல்லாம் குபுகுபுவென்று மேலே வரும். சேற்றில் அடங்கிக் கிடந்த வாயுவை எங்கள் மோட்டார் தோண்டித் தோண்டி வெளியே எடுத்திருக்கிறது. அவள் அளந்ததில் புல் விட்டது கொஞ்சம்தான், மீதியெல்லாம் வைப்பர் மோட்டாருடைய வேலை. ஒன்றும் அறியாத அந்தப் புல்லின் மேலும் பழி, இவள் மேலும் பழி. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

மூடியின் சீலைப் பிரித்துப் பார்த்து மோட்டார் மாறியிருப்பதைப் பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் நம்பவில்லை. மாட்டிக்கொண்டதும் பட்டறைக்காரன் மேல் போடுகிறாயா, செய்தவரே வாயால் சொல்லட்டும், இல்லையென்றால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போ என்று சொல்லிவிட்டாராம்.

"எனக்கு அண்ணே மேல கோவமே இல்லக்கா. நல்லதுன்னுதான் செஞ்சிருப்பாக. சோறு போட்ட வீட்டுல ஒக்காந்துக்கிட்டு எப்படிக்கா கேக்குறது? நீங்க கேளுங்கக்கா."

நான் கேட்கிறேன் கண்ணு, நீ தைரியமாகப் போ என்றேன். பேராசிரியரின் நம்பரைக் கொடுத்துவிட்டு, கூட்டையும் விட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

இவர் வந்ததும் தேடினார். போயிட்டாளா, என்னமோ கேட்க வந்த மாதிரி இருந்ததே என்றார். அந்த நொடியிலேயே சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்ததோ, ஒன்றுமில்லீங்க, இந்தப் பக்கம் வந்தவள் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாளாம் என்பதுதான். அவர் சாக்கை விலக்கிக் கூட்டைப் பார்த்தார். வெட்டியிருந்த இடத்தைத் தடவினார், பிரித்திருந்த மூடியைத் தடவினார். பிறகு சாக்கைப் போர்த்தி மூலையில் வைத்துவிட்டார். பார்த்தாயா, எல்லாம் புரிந்துவிட்டது, மறைக்கிறார் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்தக் கோபத்தையாவது காட்டினேனா? அதுவும் இல்லை. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளினேன். ஊர்க் கோயில் கமிட்டியில் இவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. பத்து ஊரில் பம்பு என்றால் இவர் பேரைத்தான் சொல்வார்கள். நீங்கள் செய்தது தப்பு என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று ஒரு பக்கம். சொன்னாலும் ஒத்துக்கொள்ளவா போகிறார், பேராசிரியரையும் சாப்பிடக் கூப்பிடுவார் என்று இன்னொரு பக்கம். அவள் போன் செய்து, கேட்டீங்களாக்கா என்பாள். நேரம் பார்த்துக் கேட்கிறேன் கண்ணு என்பேன். கேட்க முடியாது என்று சொல்லியிருந்தால் அவளாவது வேறு வழி பார்த்திருப்பாள். இனிக்க இனிக்கப் பேசியே அவளைக் காக்க வைத்தேன். எங்கள் பக்கத்து மரியாதை என்று ஊரெல்லாம் புகழ்கிறார்களே, அதை நான் அப்படிப் பயன்படுத்தினேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு குறுகுகிறது.

கடைசியாக அவள் பேசியபோது எதுவும் கேட்கவில்லை. விடுதி அறையைக் காலி செய்துகொண்டிருப்பதாகவும், அப்பா கூட்டிப்போக வருவதாகவும் சொன்னாள். உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டாள்.

அப்போதும் எனக்கு நேராகப் போகத் தெரியவில்லை. ஒரு குறுக்கு வழி தோன்றியது. மனுசனைத் தப்பை ஒத்துக்கொள்ள வைக்க முடியாது, ஆனால் பெருமை பேச வைக்கலாம். பேராசிரியருக்குப் போன் போட்டு, பட்டறையிலிருந்து பேசுகிறோம், கூட்டின் மோட்டாரைப் பற்றிச் செய்தவரே சொல்கிறார் என்றேன். பட்டறைக்குள் நடந்து போய், லேத் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டு, இவர் கையில் கொடுத்தேன்.

"அந்தப் புள்ளையோட சாருங்க. நம்ம மோட்டாரு அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சாமுங்க. எப்படி மாத்துனீங்கன்னு கேக்கறாரு."

இவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். வேலை செய்துகொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வரைபடத்தில் இருந்தது பொம்மை மோட்டார் என்றும், கடலுக்குத் தாங்காது என்று தானாகத்தான் வைப்பர் மோட்டார் போட்டதாகவும், இறக்கையையும் அகலமாக்கியதாகவும், உள்ளே தண்ணீர் எப்படிச் சுழன்று அடிக்கும் என்றும் ஒன்றுவிடாமல் சொன்னார். தண்ணீர் தள்ளுகிற டிஸ்சார்ஜ் பிரமாதமாக இருக்கும் சார் என்று முடித்தார். பிறகு பேராசிரியர் நிதானமாகச் சொன்னார். அந்த வேகத்தில் சேறு கிளம்பிவிடும், அப்படியானால் அவள் கொடுத்த எண்கள் எதுவும் புல்லுடையவை அல்ல, அவளுக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்று, மெல்ல மெல்ல வற்றியது. ஒருத்தர் லேத்தை நிறுத்திவிட்டார். நான் தரையைப் பார்த்தேன். மழுப்பப் போகிறார், மோட்டார் நல்ல மோட்டார் என்று சாதிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சார். மெதுவாத்தான் சுத்தோணும்னு படிச்சுப் படிச்சு சொல்லுச்சு. நான்தானுங்க கேக்காம மாத்திப்போட்டேன். தப்பு என்னுதுங்க. நேர்ல வந்து சொல்லோணும்னாலும் வாரேனுங்க."

நடுக்கமில்லாமல், ஆட்கள் முன்னால், அவ்வளவையும் சொன்னார்.

பேராசிரியர் அன்றைக்கே அவளைத் திரும்பக் கூப்பிட்டார். பழைய எண்கள் எல்லாம் போயிற்று, அதை மீட்க முடியாது. ஆனால் அவள் பேர் திரும்பக் கிடைத்தது, அடுத்த பருவம் முழுக்கப் புதிதாக அளக்கலாம் என்று ஆயிற்று. அவள் எனக்குப் போன் செய்து அழுதாள். நீங்கள் கேட்டதால்தான் நடந்தது என்றாள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

மத்தியானம் இவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் ரசம் ஊற்றப் போனபோது தட்டைக் கையால் மறைத்தார்.

"அந்தப் புள்ள வந்தன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"மோட்டாரு மூடியப் பிரிச்சிருந்தத நானும் பாத்தேன். கெட்டுப்போச்சோ என்னமோ, எங்கிட்டச் சொல்லச் சங்கடப்பட்டுட்டுப் போயிட்டாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நீதான் ஒண்ணுமில்லைன்னயே." பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனே அம்மணி. சொல்லமாட்டான்னு நெனச்சுப்போட்டியா?"

இல்லீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். அவர் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.